தட்டிப் பார்த்தால் தெரியாது

எங்கள் ஊர் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். சென்னையிலிருந்து திருச்சி போகும்போது உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் என்று சொன்னால் மிச்சப் பேருக்கும் தெரிந்துவிடும். பெரியபுராணத்தில் சுந்தரர் கதை தொடங்கும் இடம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். குழந்தை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது. அந்த வழியாக வரும் நரசிங்க முனையரையர் பார்க்கிறார். பிடித்துப்போகிறது. பெற்றோரிடம் கேட்டுக் கூட்டிப்போய் வளர்க்கிறார். பிறகு வரும் கல்யாணம், ஓலை, வழக்கு எல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். எனக்கு அந்த வண்டி போதும்.

எட்டு வயசு இருக்கும்போது கோயில் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. இரண்டே கதவு. அம்பாசிடர் மாதிரியும் இல்லை, ஃபியட் மாதிரியும் இல்லை. பின்பக்கம் "டால்பின்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தொட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் நின்ற வண்டி, ஆனால் அம்பாசிடர் பானெட் சுடுகிற மாதிரி சுடவில்லை. விரலை மடக்கித் தட்டினேன். தகரச் சத்தம் வரவில்லை, "டொக்" என்றது. கூட இருந்த பையன் "டேய், பிளாஸ்டிக் காருடா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து, ஒரு பழைய கார் கண்காட்சியில் அதே சிரிப்பை மறுபடி கேட்டேன். ஊரையும் அமைப்பையும் சொல்ல வேண்டாம். ஜாகுவார், பியூக், பழைய பென்ஸ் எல்லாம் முன்வரிசையில். கடைசியில், சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு டால்பின். மதிப்பெண் அட்டையோடு வந்த பெரியவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வண்டி இல்ல தம்பி, வாட்டர் டேங்க்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வண்டிக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் போனதும் தட்டின இடத்தைத் துணியால் துடைத்தார்.

அந்தத் தட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எட்டு வயசுப் பையன் தட்டிப் பார்த்துச் சிரிக்கலாம். பழைய வண்டிகளுக்கு மார்க் போடுகிறவர் அதையே செய்தால், அவருடைய அளவுகோலில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடி இழை ஏன் வந்தது

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். தகரத்தில் கார் பாடி செய்ய பிரஸ் வேண்டும், டை வேண்டும். ஒரு கதவுக்கே பல டை. அந்தச் செலவு பல்லாயிரம் வண்டி விற்றால்தான் திரும்பி வரும். கண்ணாடி இழையில் கணக்கே வேறு. முதலில் மரத்திலோ பிளாஸ்டரிலோ களிமண்ணிலோ வண்டியின் உருவத்தை முழு அளவில் செய்கிறார்கள். அதன்மேல் மெழுகு பூசி, இழையும் ரெசினும் வைத்து ஓர் அச்சு எடுக்கிறார்கள். பிறகு அச்சுக்குள் மறுபடி மெழுகு, அதற்குமேல் ஜெல்கோட், அதற்குமேல் இழைப் பாய், ரெசின், உருளை. இறுகினதும் பிரித்தால் பாடி கையில் வந்துவிடும். ஒரு கொட்டகை, நாலு ஆள், பொறுமை. இவ்வளவுதான் முதலீடு.

அதனால் சின்ன ஆட்கள் கார் செய்ய இது வழி திறந்தது. பெரிய ஆட்களும் பயன்படுத்தினார்கள். 1953ல் ஜெனரல் மோட்டார்ஸ் முதல் கார்வெட்டைக் கண்ணாடி இழையில்தான் செய்தது, அந்த வருஷம் 300 வண்டி மட்டும். இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957ல் காட்டிய லோட்டஸ் எலீட்டில் தனியாக சேசிஸே கிடையாது, பாடியே வண்டியின் எலும்பு. அதே காலத்தில் அங்கே முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பிரித்துப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. கிட் கார் என்கிற வியாபாரமே இந்த ஓட்டையில் வளர்ந்தது. 1973ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் ஓட்டை அடைபட்டது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை சனிக்கிழமைகளில் கார் கட்டப் பழகிவிட்டது.

நம் ஊருக்கு இது அந்நியப் பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடலூர்க் கரைக்குப் போய்ப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் போட்டுகள்தான் பிடித்தன. மீனவர்கள் யாரும் அதைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பதில்லை. அலையில் அடி வாங்கினால் வெட்டியெடுத்து ஒட்டி, மறுநாள் கடலுக்குப் போகிறார்கள்.

சோழவரத்தில் இருந்ததும் இல்லாததும்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. கல்கத்தாக்காரர்களுக்கு பாரக்பூர் ஓடுபாதை என்றால் நமக்குச் சோழவரம். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் எஃப்1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாகப் பாதை கட்டிக்கொண்டு போனதும் சோழவரம் ஓய்ந்தது.

சோழவரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மகாராஜாக்களையும் மல்லையாவையும் பற்றியே எழுதுகிறார்கள். யார் என்ன இறக்குமதி வண்டி கொண்டுவந்தார், என்ன குதிரைசக்தி, எவ்வளவு கூட்டம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இறக்குமதி வண்டி சொல்வது ஒரே விஷயம்: வாங்க முடிந்தவர் வாங்கினார். இங்கே இருந்ததை வைத்து இங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

ஓர் உதாரணம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1960களில் ஹெரால்டு கார் செய்தது. அதற்குத் தனி சேசிஸ் உண்டு. மேலே பாடியைக் கழற்றி எடுத்துவிட்டால் கீழே ஓட்டக்கூடிய வண்டி மிச்சம் இருக்கும். இங்கிலாந்தில் இதே ஹெரால்டு சேசிஸ்மேல் கண்ணாடி இழைப் பாடி மாட்டி எத்தனையோ கிட் கார்கள் வந்தன. அதே சேசிஸ் நம் சென்னையில் ஆயிரக்கணக்கில் ஓடியது. ரெசினும் இருந்தது, மர வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் இங்கே கிட் கார் தொழில் என்று ஒன்று வளரவில்லை.

காரணம் திறமைக் குறைவு இல்லை. அங்கே வரி ஓட்டை ஒரு வாசலைத் திறந்தது. இங்கே லைசென்ஸ் ராஜ்ஜியம் எல்லா வாசலையும் சாத்தி வைத்திருந்தது. கார் வாங்கவே வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்டில் எவன் ஓடுகிற வண்டியைப் பிரிப்பான்? இன்றைக்கும் சட்டம் அந்தப் பக்கம் சாயவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பதை 2019ல் உச்ச நீதிமன்றம் இறுக்கிச் சொல்லிவிட்டது. சாலைப் பாதுகாப்புக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை கார் கட்டும் பழக்கம் அப்படிப்பட்ட மண்ணில் முளைக்காது. முளைக்கக்கூடிய ஒரே இடம் பதிவெண் தேவையில்லாத இடம், அதாவது பந்தயப் பாதை. அங்கே முளைத்தது.

மூன்று வண்டிகள்

நம் நாட்டுக் கண்ணாடி இழை வண்டிகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். நான் வைக்கும் அளவுகோல் இரண்டே கேள்வி. அச்சு யாருடையது? அது யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

முதலில் டால்பின். பெங்களூர் சிபானி நிறுவனம் 1982 வாக்கில் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலயன்ட் கிட்டன் காரின் நகல். இரும்புச் சட்டம், கண்ணாடி இழைப் பாடி, 848 சிசி அலுமினிய இன்ஜின், பின்சக்கர ஓட்டம். குடும்ப வண்டியாக இதற்கு நான் நல்ல மார்க் போடமாட்டேன். இரண்டு கதவு வண்டியில் பின் சீட்டுக்குப் பாட்டியை ஏற்றுவது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. பாடி பொருத்தங்கள் சுமார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாலு கதவு, சத்தமில்லாத இன்ஜின். சிபானி பிற்பாடு கதவுகளைக் கூட்டி மான்டனா என்று விட்டுப் பார்த்தது. ஜனங்கள் மாருதிப் பக்கம் போய்விட்டார்கள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வீட்டுக்கு ஆகாத டால்பினைப் பந்தயக்காரர்களும் ராலிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்பது கணக்கில் தெரிகிறது. மூல வண்டியான கிட்டனின் எடை அரை டன்னைச் சுற்றித்தான். அம்பாசிடர் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். முன்னால் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், பின்னால் ஓட்டம். வளைவில் விளையாட ஏற்ற வண்டி. இன்னொரு விஷயம் எனக்கு வெகு பின்னால்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் 750 மோட்டார் கிளப் என்று ஒன்று உண்டு, 1939ல் தொடங்கியது. கையில் காசில்லாதவர்கள் வீட்டுக் கொட்டகையில் கட்டிய வண்டிகளை ஓட்டும் கிளப். சாப்மன் அங்கிருந்து வந்தவர்தான். அவர்களுடைய 750 ஃபார்முலா வண்டிகளில் பழைய ஆஸ்டின் செவன் இன்ஜினுக்குப் பிறகு வந்தது எது தெரியுமா? ரிலயன்ட் இன்ஜின். டால்பினுக்குள் இருந்த அதே குடும்பம். கையால் கார் கட்டுகிறவர்களின் இன்ஜின், மக்கள் கார் என்று வேஷம் போட்டுக்கொண்டு எங்கள் கோயில் வாசலில் வந்து நின்றிருக்கிறது. எங்களுக்கு அது பிளாஸ்டிக்.

ஆக, டால்பினின் அச்சு இரவல். ஆனால் அது பலருக்குக் கற்றுக்கொடுத்தது. அரை மார்க்.

இரண்டாவது, பெங்களூரின் சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் வந்த இரட்டை சீட்டுத் திறந்த கார். கண்ணாடி இழைப் பாடி, பிரெஞ்சு வடிவமைப்பு, ரெனோ இன்ஜின். பார்க்க அழகு, அதில் சண்டை இல்லை. இந்திய ஸ்போர்ட்ஸ் கார் என்று இன்றைக்கும் இணையத்தில் ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வடிவமும் வெளியிலிருந்து, இன்ஜினும் வெளியிலிருந்து. பம்பாய் வெயிலுக்கும் சென்னை மழைக்கும் கூரையில்லாத கார் யாருக்கு? அதை எடுத்துக்கொண்டு பந்தயப் பாதையில் ஒரு பரம்பரையும் வளரவில்லை, அக்கம்பக்கப் பட்டறையில் ஒரு பழக்கமும் ஏற்படவில்லை. படத்துக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் என் கட்சி. கோவை எஸ். கரிவர்தன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். தானே பந்தயத்தில் ஓட்டியவர், தானே வண்டி கட்டியவர். 1980களின் கடைசியில் அவர் செய்த ஒற்றை சீட்டுப் பந்தயக் காருக்கு ஃபிஸ்மி என்று பெயர். மாருதி இன்ஜின் வைத்த இந்திய ஒற்றை சீட்டு ஃபார்முலா கார் என்பதன் இங்கிலீஷ் சுருக்கம். பிறகு எல்லோரும் ஃபார்முலா மாருதி என்றே சொன்னார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், கண்ணாடி இழை மேல்தோல், உள்ளே எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த மாருதி 800 இன்ஜின், 796 சிசி.

இதை ஒரு டிசைனாகப் பாருங்கள். உலகத் தரம் என்று மார்தட்டவில்லை. வேகத்தில் வெளிநாட்டு ஃபார்முலா வண்டிகள் பக்கத்தில்கூட வராது. ஆனால் தேர்வு செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புத்தி இருக்கிறது. இன்ஜின் வெடித்தால் உதிரிபாகம் கோவையிலும் கிடைக்கும், கள்ளக்குறிச்சியிலும் கிடைக்கும். மூக்கு உடைந்தால் அச்சு இருக்கிறது, இன்னொரு மூக்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே வண்டி, அதனால் அப்பா பணக்காரனா என்பதைவிடப் பையன் ஓட்டுகிறானா என்பது முன்னே வந்தது. முன்னே வந்தது என்றுதான் சொல்கிறேன். பந்தயம் என்றைக்கும் ஏழை விளையாட்டு இல்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் வாசல்படி உயரம் குறைந்தது. அந்தப் படியில் ஏறினவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய அவர் 2005ல் ஜோர்டான் அணிக்காக எஃப்1 ஓட்டினார், இந்தியாவின் முதல் ஆள்.

கரிவர்தன் 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். பாதைக்குப் பெயர் வைத்தோம். நல்ல காரியம். ஆனால் அவர் செய்த வண்டியை ஒரு படைப்பு என்று உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? நடிகர் வாங்கிய இறக்குமதிக் காரைப் பற்றித் தமிழில் எத்தனை வீடியோ இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். ஃபிஸ்மியின் சட்டத்தைப் பற்றி, மூக்கின் வடிவத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரைக்கு நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எது ஒரிஜினல்?

இப்போது மார்க் போட்ட பெரியவரிடம் திரும்புவோம். அவர் மேல் எனக்குத் தனிக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த அளவுகோல் நமக்குப் பழக்கமான ஒன்றுதான். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ல் டெல்லியில் தொடங்கிய பழைய கார் ராலியிலிருந்து இன்றைய கண்காட்சிகள் வரை நாம் வண்டியை நகை மாதிரிதான் பார்க்கிறோம். குரோம் மின்னுகிறதா, தோல் சீட்டு பழையதா, யார் அரண்மனையில் இருந்தது. இந்த அளவுகோல் ராஜா வீட்டு வண்டிக்குப் பொருந்தும். பட்டறை வண்டிக்குப் பொருந்தாது.

அரசு விதியும் இதே கண்ணோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2021ல் வந்த விதிப்படி, பதிவாகி 50 வருஷம் கடந்து, மூல வடிவத்தில் இருக்கும், சேசிஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாத இரண்டு சக்கர, நாலு சக்கர வாகனம்தான் விண்டேஜ். நல்ல நோக்கம். ஆனால் இதை நம் கண்ணாடி இழை வண்டிகள்மேல் வைத்துப் பாருங்கள். டால்பின் 2032 வரை காத்திருக்க வேண்டும். பந்தயத்துக்காக மாற்றிய டால்பினுக்கு அப்போதும் இடம் சந்தேகம்தான், அதை வரலாறாக்கியதே அந்த மாற்றம்தான் என்றாலும். ஃபிஸ்மிக்குப் பதிவெண்ணே கிடையாது, ஆகவே விதியின் கண்ணுக்கு அது வாகனமே இல்லை.

இன்னொன்று கேளுங்கள், சிரிப்பு வரும். டால்பினுக்கு முன்னால், 1970களின் நடுவில், இதே பெங்களூர்க்காரர்கள் பாதல் என்று ஒரு கண்ணாடி இழைக் கார் செய்தார்கள். வயசு 50 ஆகிவிட்டது, ஆகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று சக்கரம். விதியில் இரண்டு உண்டு, நாலு உண்டு, மூன்று இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைகள் உருட்டும் வண்டிக்குக் குதிரை கிடையாது, சக்கரமும் மூன்றுதான். சங்கப் புலவர் கணக்கில் சேர்த்ததை நம் விதி கணக்கில் சேர்க்கவில்லை.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 1998 முதல் குட்வுட்டில் நடக்கும் ரிவைவல் பந்தயத்தில் கோடிக்கணக்கான ரூபாய் பெறும் வண்டிகள் உரசிக்கொள்கின்றன. பழைய கார் பந்தயத்துக்கு சர்வதேச சம்மேளனம் தனியாகத் தொழில்நுட்ப பாஸ்போர்ட் கொடுக்கிறது. அதிலும் பணக்காரர் சண்டை உண்டு, போலி உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவு. பந்தய வண்டி அடிபடும், மறுபடி கட்டப்படும். கட்டியது அந்தக் காலத்து அமைப்பின்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி, ஒவ்வொரு பாகமும் தொட்டிலிலிருந்து கூடவே வந்ததா என்பது இல்லை. நம் கோயில் தேருக்கும் இதுதானே வழக்கம்? அச்சு மாறும், சக்கரம் மாறும், மரம் மாறும். யாராவது "இது ஒரிஜினல் தேர் இல்லை" என்று வடத்தைக் கீழே போட்டிருக்கிறார்களா?

கண்ணாடி இழையில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஐம்பொன் சிலை வார்க்கும்போது ஒவ்வொரு முறையும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சிலையும் தனி. கண்ணாடி இழையில் தலைகீழ். அச்சு நிற்கும், பாடிகள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பாதுகாக்க வேண்டியது முதலில் அச்சு. அச்சு போய்விட்டால் அந்த வண்டி ஓர் அபூர்வப் பொருளாகிவிடும். நகையாகப் பார்க்கிறவர்களுக்கு அது சந்தோஷம். எனக்கு அது சாவு.

ஒரு மூக்கு

இதை ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் நண்பர் ஒருவரிடம் டால்பின் இருக்கிறது. கண்காட்சியில் துணியால் துடைத்தாரே, அவர்தான். அன்றைக்குப் பழக்கமானோம். போன வருஷம் அவர் வண்டியின் முன்பக்கம் வலது ஓரம், விளக்குக்குக் கீழே, ஒரு மினி லாரி பின்னால் வந்ததில் நொறுங்கிவிட்டது. அச்சு எங்கேயாவது இருக்குமா என்று ஆறு மாசம் தேடினோம். ஒரு பழைய பட்டறையில், "இருந்துச்சு சார், மழைல கெடந்து வீணாப்போச்சு, எரிச்சிட்டோம்" என்றார்கள். யோசித்தால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. தகர டை என்றால் கிலோ கணக்கில் எடைக்கு எடுப்பார்கள். கண்ணாடி இழை அச்சை எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் தொடமாட்டார். விலையில்லாத பொருளுக்கு யார் கூரை போட்டுக் கொடுப்பார்கள்?

நான் படித்தது பி.இ., பிழைப்பது சாப்ட்வேர். எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். நொறுங்காத இடது ஓரத்தை நூற்றுக்கணக்கில் படம் எடுத்து கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாக்கி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலதாகத் திருப்பினேன். இரண்டு மில்லிமீட்டர் உதைத்தது. என் தப்பு என்று ஒரு வாரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் வண்டியே இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை! கையால் செய்த முதல் உருவத்தில் யாரோ ஒருவர் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக இழைத்திருக்கிறார். அந்த மனிதரின் கை நாற்பது வருஷம் கழித்து என் திரையில் தெரிந்தது.

மர உருவத்தைக் கள்ளக்குறிச்சியில் செய்தோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாமி வாகனம் செதுக்குகிற ஆசாரி ஒருவர் என் வரைபடத்தை அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "குதிரை வாகனத்து கன்னம் மாதிரி, அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். அச்சும் வார்ப்பும் கடலூரில், போட்டுக்கு ரெசின் போடுகிறவரிடம். முதல் முறை நானே மெழுகு பூசுகிறேன் என்று அடம்பிடித்தேன். ஓரத்தில் சரியாகப் பூசவில்லை. வார்ப்பு அச்சிலேயே ஒட்டிக்கொண்டது, உளி வைத்து உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. அவர் திட்டவில்லை. "மெழுகுல கஞ்சத்தனம் பண்ணா ரெசின்ல அழணும்" என்று மட்டும் சொன்னார். வெயில் ஏறினால் ஹார்டனரைக் குறைக்க வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். இரண்டாவது முறை சுத்தமாக வந்தது.

நண்பர் வண்டியில் இப்போது அந்த மூக்கு இருக்கிறது. விதிப்படி அது மாற்றமா, பழுதுபார்ப்பா என்று 2032ல் எந்த அதிகாரி முடிவு செய்வாரோ தெரியாது. எனக்கு அதில் குழப்பம் இல்லை. அந்த வண்டி முதலில் எப்படிப் பிறந்ததோ அதே வழியில்தான் இந்தத் துண்டும் பிறந்தது: மரம், மெழுகு, இழை, கை. அச்சு கடலூர்க் கொட்டகையில் ஓலைக் கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. வாடகையாக மாசம் ஒரு தொகை கொடுக்கிறேன். வீட்டில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பாதை இருக்கிறது. பழைய வண்டிகளை நிறுத்தி வைத்து மாலை போடுவதற்குப் பதில், வருஷத்தில் ஒரு நாள் பழைய டால்பின்களையும் ஃபார்முலா மாருதிகளையும் அங்கே ஓடவிட்டால் என்ன? ஓடினால் உடையும். உடைந்தால் அச்சு தேவைப்படும். தேவைப்பட்டால் யாராவது கூரை போட்டு வைப்பார்கள். பாதுகாக்க எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான வழி இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பாடி மிஞ்சும், செய்கிற கை மிஞ்சாது.

அதுவரை ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறை மூலையிலோ மாமா வீட்டுக் கொட்டகையிலோ வண்டியின் கன்னம்போல, மூக்குபோல உள்ளே குழிந்த பழைய ஃபைபர் துண்டு கிடந்தால் எரித்துவிடாதீர்கள். அது உடைந்த பாகமாக இல்லாமல் அச்சாக இருக்கலாம். தட்டிப் பார்த்தால் தெரியாது. உள்பக்கம் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் எடுத்து மழை படாத இடத்தில் வையுங்கள்.